காயத்தை எத்தனை விதமாகச் சொல்லலாம்? கூட்டு மனவடுவும் மாற்றுக் கருத்தும்

நீலகிரியில் கூடலூரைத் தாண்டி தேவாலா, பந்தலூர், கொளப்பள்ளி, சேரம்பாடி என்று போகும் சாலையின் இரு பக்கமும் தேயிலை. அதில் ஒரு பகுதி 'டான்டீ' எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்துடையது. 1968-ல் வனத்துறையின் கீழ் அந்தத் திட்டம் தொடங்கப்பட்டதே இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான். அரசுத் தாள்களில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. ஊர்ப்பேச்சில் 'சிலோன்காரங்க'. அந்த வீடுகளில் மூத்தவர்களிடம் பழைய காலத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். 'அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு' என்று பேச்சு அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால் பல வீடுகளில் ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே சொற்களில் ஒரு கதை வரும்.

ஒன்றுமே சொல்லாமல் விடுவதும், ஒரே கதையை மட்டும் சொல்வதும் எதிரெதிரானவை போலத் தெரியலாம். ஆனால் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஒரு வீட்டில் நடப்பது ஒரு நாட்டிலும் நடக்கிறது. பெரிய அடி வாங்கிய நாடு தன் காயத்தைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடும், அல்லது ஒரே ஒரு கதையை மட்டும் அனுமதிக்கும். இரண்டிலுமே முதலில் அடிபடுவது மாற்றுக் கருத்துதான். ஏன் அப்படி, எப்போது அப்படி ஆகாமல் தப்பிக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

காயம் வேறு, வடு வேறு

ஈழத்தில் மனநல மருத்துவர்கள் தமிழில் எழுதத் தொடங்கியபோது அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் 'மனவடு'. நல்ல தேர்வு. காயம் என்பது நடந்தபோது இருப்பது. வடு என்பது ஆறிய பிறகும் மிஞ்சுவது. வடு இருக்கும் இடத்தில் தோல் தடித்துப்போகும், மடங்காது. கூட்டு மனவடுவை விளங்கிக்கொள்ள இந்த ஒப்புமை கடைசிவரை கைகொடுக்கும்.

தனி ஆளின் மனவடு நமக்குப் புரியும்: விபத்தில் சிக்கியவர் ஹாரன் சத்தம் கேட்டாலே நடுங்குகிறார். கூட்டு மனவடு என்பது இப்படிப்பட்ட ஆயிரம் பேரின் கூட்டல் அல்ல. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1972 பிப்ரவரி 26-ல் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுநீர் அணை உடைந்து, பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் 125 பேர் இறந்தார்கள். அங்கே போய் ஆராய்ந்த சமூகவியலாளர் கை எரிக்சன் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். வெள்ளத்தில் பட்ட அடி ஒன்று. அதற்குப் பிறகு, முன்பு யார் யாருக்கு அக்கம்பக்கத்தார் என்று பாராமல், காலியாக இருந்த தற்காலிக வீடுகளில் ஆட்களைக் குடியேற்றியதில் பட்ட அடி இன்னொன்று. ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்களைத் தாங்கியிருந்த உறவு வலை போய்விட்டது. இந்த இரண்டாவது அடிக்குத்தான் கூட்டு மனவடு என்று அவர் பெயர் வைத்தார்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது புரிய வெகுதூரம் போக வேண்டாம். இலங்கையில் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்த குடும்பங்கள், மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்த பிறகு பிரிக்கப்பட்டன. சில குடும்பங்கள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம். சில கேரளத்தில் புனலூர் ரப்பர் தோட்டத்துக்கு. சில கர்நாடகத்தில் சுள்ளியாப் பக்கத்து ரப்பருக்கு. சில ஆந்திர நூல் ஆலைகளுக்கு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து நிற்கிற ஆட்கள் நான்கு மாநிலங்களுக்குச் சிதறினார்கள். இலங்கையின் மலைத்தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து தலைமன்னார் துறைமுகத்துக்கு அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு அங்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். நிலையத்தில் ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் சாவு வீட்டில் போல அழுததால் வந்த பெயர் அது. யாரும் சாகவில்லை, ஆனால் ஒப்பாரி வைக்கும் அளவுக்கு ஏதோ ஒன்று செத்தது என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலச் சமூகங்களைப் பற்றி எழுதியதில் நம் பொருளுக்கு நேரடியாகத் தேவையானது ஒன்று உண்டு. நீண்ட காலம் அடிபட்ட சமூகம் மௌனமாகிறது, ஒருவரையொருவர் சந்தேகிக்கிறது, முன்னின்று பேச யாரும் வராத நிலைக்குப் போகிறது, பிறரைச் சார்ந்தே இருக்கப் பழகுகிறது. இவற்றில் எதுவும் மருத்துவச் சீட்டில் எழுதக்கூடிய நோய் அல்ல. ஆனால் கருத்து வேறுபாடு உயிர்வாழத் தேவையானவை எவையோ அவைதான் பட்டியலில் ஒவ்வொன்றாகப் போகின்றன: நம்பிக்கை, பேச்சு, முன்வரும் ஆள்.

அடிபட்ட தலைமுறை உயிரோடு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சைப்ரஸில் பிறந்த மனநல மருத்துவர் வாமிக் வோல்கன், ஒரு சமூகம் தன் பழைய தோல்விகளில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து அடையாளமாக அணிந்துகொள்வதைத் 'தேர்ந்தெடுத்த காயம்' என்றார். செர்பியர்களுக்கு அது 1389-ல் கொசோவோவில் நடந்த போர். 600 ஆண்டு கழித்து, 1989 ஜூன் 28 அன்று, அதே மைதானத்தில் பெருங்கூட்டத்துக்கு முன் செர்பியத் தலைவர் மிலோசெவிச் பேசினார். சில மாதங்களுக்கு முன்புதான் கொசோவோவின் தன்னாட்சி பறிக்கப்பட்டிருந்தது. ஆறு நூற்றாண்டுப் பழைய காயம் அன்றைக்கு நடந்ததுபோல மேடையேறியது.

வடு எப்படி வாயை அடைக்கிறது

மண்சரிவு நடந்த சரிவின் கீழே குடியிருப்பவர்களைப் பாருங்கள். அடுத்த வருஷம் மழை சாதாரணமாகப் பெய்தாலும் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். மலையில் ஒரு கல் உருண்டால் வீடே வாசலுக்கு வந்துவிடும். அந்த எச்சரிக்கை தவறல்ல. ஒருமுறை உயிரைக் காப்பாற்றிய பாடம் அது. சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்தில் 'இது சின்ன மழைதான், பயப்பட வேண்டாம்' என்று சொல்கிறவர் அறிவாளியாகத் தெரிய மாட்டார். ஆபத்தானவராகத் தெரிவார்.

நாட்டிலும் முதல் கட்டம் இதுவே. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து மூன்று நாள் கழித்து, ராணுவத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அமெரிக்க அதிபருக்குக் கொடுக்கும் தீர்மானம் வந்தது. மேலவையில் 98 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றும் இல்லை. கீழவையில் 420 பேர் ஆதரவு. எதிர்த்தவர் ஒரே ஒருவர், கலிபோர்னியாவின் பார்பரா லீ. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்து காவல் போட வேண்டியிருந்தது. அவர் தாக்குதலை ஆதரிக்கவில்லை. அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்று மட்டுமே சொன்னார். அடிபட்ட மூன்றாம் நாளில் அந்த வேறுபாடு யார் காதிலும் ஏறவில்லை.

இரண்டாம் கட்டம் எல்லைக்கோடு. ஆபத்து வெளியே இருக்கிறது என்றால் உள்ளே இருப்பவர்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லாதவர் ஓட்டை. இந்த இடத்தில்தான் 'மாற்றுக் கருத்து' என்ற சொல் 'துரோகம்' என்று பெயர் மாறுகிறது. பெரும்பான்மை மட்டும்தான் இப்படிச் செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. காயம்பட்ட சிறுபான்மைக்குள் இது இன்னும் கடுமையாக நடக்கலாம், ஏனென்றால் அங்கே ஓட்டை விழுந்தால் படகே மூழ்கும் என்ற அச்சம் உண்மையானது. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம எல்லா ஆயுதத் தரப்புகளின் மீறல்களையும் பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 'துரோகி' என்ற சொல் தமிழில் எவ்வளவு ரத்தம் குடித்தது என்பதைத் தமிழர்களே நேர்மையாக எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாம் கட்டத்தில் காயம் கதையாக உறைகிறது: பாடநூல், நினைவுநாள், நினைவுச்சின்னம். நான்காம் கட்டத்தில் அந்தக் கதைக்குச் சட்டம் காவல் நிற்கிறது. முதல் இரண்டும் மனிதர்களுக்கு இயல்பாக வருபவை, காலப்போக்கில் தணியக்கூடியவை. பின்னிரண்டும் யாரோ உட்கார்ந்து செய்பவை. அவை தாமாகத் தணிவதில்லை.

அடியின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போவது எளிது: 'அதிகம் அடிபட்ட நாடு குறைவாகப் பொறுத்துக்கொள்ளும்.' உளவியலாளர் மிஷல் கெல்ஃபண்ட் குழுவினர் 33 நாடுகளில் சமூக விதிகள் எவ்வளவு இறுக்கமானவை என்று அளந்து 2011-ல் வெளியிட்டார்கள். போர், அந்நிய ஆக்கிரமிப்பு அச்சம், தொற்றுநோய், இயற்கைப் பேரழிவு, நெரிசல் ஆகியவற்றை அதிகம் கண்ட நாடுகள் பொதுவாக இறுக்கமாக இருந்தன. பாகிஸ்தானும் மலேசியாவும் இந்தியாவும் இறுக்கமான முனையில். இதுவரை எதிர்பார்த்தபடிதான்.

அந்தப் பட்டியலின் மறுமுனையைப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். எல்லாரிலும் தளர்வான நாடாக வந்தது உக்ரைன். 1932–33-ல் செயற்கைப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோரை இழந்து, பத்தாண்டு கழிவதற்குள் உலகப்போரின் நடுவில் சிக்கிய நாடு. எஸ்டோனியா, ஹங்கேரி, இஸ்ரேல் ஆகியவையும் தளர்வான பக்கத்தில். இவற்றில் எதுவும் காயம் குறைந்த நாடு அல்ல. (விதிகளின் இறுக்கமும் கருத்துச் சகிப்பும் ஒன்றே அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சாலையில் எச்சில் துப்பினால் முறைக்கும் ஊர், அரசியல் வாதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.) ஆகவே அடியின் அளவைக் கேட்டுவிட்டு ஒரு நாட்டைக் கணிக்க முடியாது.

வேறு எதைக் கேட்பது? எங்கள் முடிவு இது: அந்த நாடு தன் காயத்தையே எத்தனை விதமாகச் சொல்ல விடுகிறது என்று கேளுங்கள். காயத்தைப் பற்றிய மாற்றுக் கருத்தை விடாத நாடு, மற்ற விஷயங்களில் விட்டாலும் அது கடனாகக் கொடுத்ததுபோலத்தான். எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

சமூகவியலாளர் ஜெஃப்ரி அலெக்சாண்டர் இதற்கு நல்ல கருவி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஒரு துன்பம் 'நாட்டின் காயம்' ஆக வேண்டுமானால் நான்கு கேள்விகளுக்கு விடை நிலைபெற வேண்டும். என்ன நடந்தது? யாருக்கு நடந்தது? அவர்கள் பட்டது மற்றவர்களுக்கு என்ன ஆகிறது? யார் பொறுப்பு? முதல் கேள்வியில் பெரிய இடம் விட முடியாது. நடந்ததை நடக்கவில்லை என்பது பொய். மற்ற மூன்றிலும் நியாயமான ஆட்கள் நியாயமாக வேறுபடுவார்கள். அங்கே கதவு சாத்தினால்தான் நாடு கெடுகிறது.

ருவாண்டாவில் 1994 ஏப்ரலிலிருந்து ஏறத்தாழ 100 நாளில், பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் எட்டு லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் சிறுபான்மை இனத்தவரான துட்சிகள், இனப்படுகொலையை எதிர்த்த பெரும்பான்மை இன ஹுட்டுகளும் உண்டு. வானொலியில் பேசிப் பேசியே கொலைக்கு ஆள் திரட்டினார்கள். அப்படிப்பட்ட நாடு பேச்சைக் கண்டு அஞ்சினால் யார் குறை சொல்ல முடியும்? அடையாள அட்டையில் இனத்தைக் குறிப்பதை எடுத்தார்கள். 2008-ல் 'இனப்படுகொலைச் சிந்தனை'யைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. சட்டத்தின் சொற்கள் அகலமாக இருந்ததுதான் பிழை. 2010 ஜனவரியில் நாடு திரும்பிய எதிர்க்கட்சித் தலைவர் விக்டோரியா இங்காபிரே, தலைநகர் நினைவிடத்தில் நின்று, கொல்லப்பட்ட ஹுட்டுகளையும் நினைக்க வேண்டும் என்றார். இது மேலே சொன்ன இரண்டாம் கேள்விக்கான வேறு விடை: யாருக்கு நடந்தது? அவர் கைதானார், 2013-ல் உச்ச நீதிமன்றம் 15 ஆண்டு சிறை விதித்தது, 2018-ல் மன்னிப்பில் வெளியே வந்தார். இடையில், 2017-ல், அவருடைய கருத்துரிமை மீறப்பட்டது என்று ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனப்படுகொலையை மறுப்பதைத் தடுக்க வந்த சட்டம், எல்லாத் துக்கத்துக்கும் இடம் கேட்பதையும் வாரிச் சுருட்டிக்கொண்டது.

ஜெர்மனியும் சட்டம் போட்டது. நாஜிகள் யூதர்களைக் கொன்றழித்ததை மறுப்பது 1994-லிருந்து அங்கே வெளிப்படையாகவே குற்றம். ஆனால் அந்தத் தடை பெரும்பாலும் முதல் கேள்வியோடு நிற்கிறது. யார் எவ்வளவு பொறுப்பு, அதிலிருந்து என்ன கற்பது என்று ஜெர்மானியர்கள் இன்றுவரை கடுமையாக வாதிடுகிறார்கள். அதுவும் உடனே வந்துவிடவில்லை. 1950-களில் பெரும்பாலும் மௌனம்தான். 1963–65-ல் பிராங்பர்ட்டில் நடந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாம் வழக்குக்குப் பிறகே வீடுகளுக்குள் கேள்வி எழுந்தது. அங்கேயும் அச்சம் அளவு மீறியதுண்டு: 1972-ல் வந்த ஆணையின்படி அரசு வேலைக்கு வருபவர்களின் அரசியல் விசுவாசத்தைத் தோண்டிப் பார்த்தார்கள், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் என்பதற்காக வேலை இழந்த ஓர் ஆசிரியையின் உரிமை மீறப்பட்டது என்று 1995-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தென்னாப்பிரிக்கா மூன்றாவது வழி. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996 ஏப்ரலில் விசாரணையைத் தொடங்கி 21,000-க்கு மேற்பட்ட வாக்குமூலங்களைத் திரட்டியது. நிறவெறி அரசு செய்ததையும், அதை எதிர்த்தவர்கள் தங்கள் முகாம்களில் செய்ததையும் ஒரே மேடையில் கேட்டது. பொதுமன்னிப்பு கேட்டவர்கள் 7,112 பேர். கிடைத்தது 849 பேருக்கு. எங்கே சறுக்கியது என்றால் இழப்பீட்டில். பேசியவர்களுக்குப் பணம் பல ஆண்டு தாமதமாக, ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவாக, தலைக்கு 30,000 ராண்ட் என்று வந்தது. 'வாயைத் திறந்தோம், கையில் ஒன்றும் விழவில்லை' என்ற கசப்பு அந்த முயற்சியின் மேல் நிழலாக விழுந்திருக்கிறது.

பாக் நீரிணையின் இரு கரை

நம் பக்கத்துக்கு வருவோம். 1815-ல் இலங்கையின் கண்டி அரசு பிரிட்டிஷாரிடம் போனது. 1818-ல் எழுச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. 1840-ல் வந்த நிலச் சட்டம், ஆவணம் காட்ட முடியாத நிலத்தையெல்லாம் அரசுடையது ஆக்கியது. அந்த மலைகளில்தான் காப்பியும் பின்னர் தேயிலையும் வந்தன. கண்டிச் சிங்களவரின் காயம் உண்மையானது. ஆனால் நிலத்தைப் பிடுங்கியவர் துரை பங்களாவில் எட்டாத உயரத்தில் இருந்தார். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது லயத்துக் கூலித் தமிழர். தமிழ்நாட்டிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி, ஆள் சேர்க்கும் மேஸ்திரியான கங்காணியிடம் கடன்பட்டு வந்தவர்கள். ஒருவருடைய காயத்தின் கணக்கு, அந்தக் காயத்தை உண்டாக்காத இன்னொருவர் தலையில் எழுதப்பட்டது. கூட்டு மனவடு செய்யும் தவறுகளில் மிக அடிக்கடி நடப்பது இதுதான்.

1948-ல் சுதந்திரம் வந்த அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1947 தேர்தலில் ஏழு இடம் வென்ற அவர்களுடைய அமைப்புக்கு 1952-ல் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் வாக்காளர்களே இல்லை. பிறகு 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. 1974-ல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பகிர்ந்தார்கள். அந்த மக்களின் பிரதிநிதி எவரும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை.

கருத்தைப் பற்றிய சட்டங்களை இரு கரையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியாவில் பிரிவினையின் ரத்தம் காயாத நேரம். 'கிராஸ் ரோட்ஸ்' இதழை மதராஸ் மாகாணத்துக்குள் விடமாட்டோம் என்ற தடையை உச்ச நீதிமன்றம் 1950-ல் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே முதலாம் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்கான வரம்புகளில் 'பொது ஒழுங்கு' முதலியவற்றைச் சேர்த்தது. 1962 சீனப் போரில் அடி. 1963-ல் பதினாறாம் திருத்தம். 'இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு' என்பதும் வரம்பானது. வேட்பாளர்களும் உறுப்பினர்களும் அதைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றானது. தி.மு.க.வின் திராவிட நாடு கோரிக்கைதான் முக்கிய இலக்கு என்று அன்றைக்கே எல்லாருக்கும் தெரியும். இலங்கையில் 1983 ஜூலை 23-ல் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து தமிழர்கள் மேல் நடந்த வன்முறை, கறுப்பு ஜூலை. வெலிக்கடைச் சிறைக்குள் மட்டும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 8-ல் ஆறாம் திருத்தம்: தனிநாடு கேட்பது குற்றம், உறுப்பினர்கள் அதற்கு எதிராக உறுதிமொழி எடுக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் இருந்த தமிழ்க் கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணியினர் மறுத்து இடங்களை இழந்தார்கள்.

இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு உறுதிமொழிகள், ஏறக்குறைய ஒரே நோக்கம். விளைவு ஏன் வேறானது? அண்ணா கோரிக்கையைக் கைவிட்டார். ஆனால் அதன் காரணங்கள் அப்படியே இருப்பதாகச் சொல்லிக்கொண்டே மொழி, மாநில உரிமை என்ற வாசல் வழியாகப் போனார். அந்த வாசல் திறந்திருந்தது. 1967-ல் கோட்டையில் அமர்ந்தார். இலங்கையில் ஒரு கதவைச் சாத்தியபோது பக்கத்தில் வேறு வாசல் ஒன்றும் திறந்திருக்கவில்லை. அடிபட்ட பதினைந்தாம் நாளில் வந்த சட்டத்தால் அடிபட்டவர்களே நாடாளுமன்றத்தை விட்டு வெளியே நின்றார்கள். தடையை மட்டும் பார்த்து ஒரு நாட்டை எடைபோடாமல், தடைக்குப் பக்கத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

மலைக்கு வந்த பிறகு

நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியா வந்தார்கள். 1984-ல் போரால் கப்பல் நின்றது. இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயரையே நான்கு கேள்விகளுக்கு முன் வைத்துப் பாருங்கள். 'தாயகம் திரும்பியோர்.' ஹட்டனிலும் பதுளையிலும் பிறந்து, இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் 'திரும்பினார்கள்' என்றால், என்ன நடந்தது என்ற முதல் கேள்விக்கே விடை எழுதியாகிவிட்டது: வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் அழக் கூடாது. காயம் இருப்பதற்கே அந்தச் சொல்லில் இடமில்லை.

சட்டப்படி தாயகம் திரும்பியவர் வேறு, அகதி வேறு. முன்னவர் இந்தியக் கடவுச்சீட்டோடு, ஒப்பந்தப்படி, இந்தியக் குடிமகனாக வந்தவர். பின்னவர் 1983-க்குப் பின் போருக்குத் தப்பி வந்து, அரசிடம் பதிந்துகொண்டவர். அவர்களிலும் மலையகத் தமிழர் உண்டு. ஊர்ப்பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது தமிழ்நாட்டுக்கு ஒரு கூட்டு அடி. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. 1992 தொடக்கத்தில் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அந்த நாட்களில் இலங்கைப் பேச்சு வாடையே சந்தேகத்துக்குப் போதுமானது. அப்படியொரு காலத்தில் 'நாங்கள் அங்கே பட்டது, இங்கே பட்டது' என்று வாய் திறப்பது எளிதல்ல. 'அந்தக் கதை இப்ப எதுக்கு' என்பதை வெறும் மறதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பாதுகாப்புக்காகக் கற்றுக்கொண்ட பழக்கமாகவும் இருக்கலாம்.

கேட்கிறவர்களுக்கு

பந்தலூர், கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் இந்த நினைவுகளைத் திரட்ட விரும்பினால், சில நடைமுறைகள்.

எட்டு முதல் பத்துப் பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் நன்றாகப் பேசத் தெரிந்த இருவர் பேச, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கொழுந்துக் காலத்தில் வேலை நாளில் கூப்பிடாதீர்கள். மதியத்துக்குப் பிறகு, விடுமுறை நாளில். கட்சி, சங்க அலுவலகத்தில் கூடினால் அந்தக் கட்சியின் கதைதான் வரும். பள்ளி வகுப்பறையோ யாராவது வீட்டுத் திண்ணையோ நல்லது. பெண்களுக்குத் தனியாக ஒரு அமர்வு கட்டாயம் வையுங்கள். கலந்த கூட்டத்தில் ஆண்கள் ஒப்பந்தம், தலைவர், தேதி என்று பேசுவார்கள். கப்பலில் பிள்ளைக்குப் பால் எப்படிக் கிடைத்தது, எதை விற்றுவிட்டு வந்தோம் என்பது தனி அமர்வில்தான் வரும்.

'உங்கள் வலியைச் சொல்லுங்கள்' என்று தொடங்க வேண்டாம். பொருளிலிருந்து தொடங்குங்கள்: பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, அங்கிருந்து கொண்டுவந்த பாத்திரம், ஒரு போட்டோ. பொருள் கையில் இருந்தால் பேசுகிறவர் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். அழுத்திக் கேட்காதீர்கள். அண்மையில் அடிபட்டவர்களை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்வது உதவாது என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. பழைய காயத்திலும் அந்த எச்சரிக்கை நல்லது. பேசும்போது ஒருவர் மூச்சு வாங்கினாலோ, கண் ஓரிடத்தில் நிலைத்து இந்த இடத்தையே மறந்ததுபோல் இருந்தாலோ நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், இன்றைய நாளை, இந்த ஊரைப் பற்றிப் பேசுங்கள். இரவில் தூக்கமில்லை என்றால் 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒலிப்பதிவுக்கு முதலில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை சம்மதம் கேளுங்கள். பேசி முடித்த பிறகு மனம் மாறுவது வழக்கம்.

பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. முதலில் பேசுகிறவர் ஒரு கதையை நிறுவிவிடுவார். அடுத்தவர்கள் தங்கள் நினைவை அதற்கு ஏற்ப வளைப்பார்கள். இதைத் தவிர்க்க, கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசி, வந்த ஆண்டு, கப்பலேறிய நாள், யார் மேல் கோபம் என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில்தான் பெரிய வேறுபாடு வரும். ஒருவர் சிங்கள அரசு என்பார். ஒருவர் இந்திய அரசு என்பார். ஒருவர் 'நாமளே வந்தோம், யார் மேல கோபம்' என்பார். ஒருவர் கங்காணியை விடமாட்டார். ஒரு மூத்த பெண்மணி, போக வேண்டும் என்று கையெழுத்துப் போட்ட தன் கணவர் மேல் இன்னும் கோபமாக இருக்கலாம்.

பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் நல்லது, ஆனால் கேட்பவர்களாக மட்டும். பாட்டி அழுதால் வீடியோ எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முடிந்ததும் உடனே கலையாமல் டீ குடித்துவிட்டுப் போகட்டும். முக்கியமானது பாதிக்குப் பாதி அந்த டீ நேரத்தில்தான் வரும். கடவுச்சீட்டையும் அட்டையையும் அங்கேயே போட்டோ எடுத்துவிட்டு, மூலத்தை அன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். 'அப்புறம் தருகிறேன்' என்று எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

எழுதும்போது, ஒரே லயத்தில் இருந்த இருவர் ஒரே நாளை இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால், எது சரி என்று தீர்க்கப் பார்க்காமல், இருவர் சொன்னதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடுத்த வாரம் இருவரிடமும் படித்துக் காட்டுங்கள்.